ஏழாம் எண்ணுக்குப் பந்து

கூடைப்பந்து என்ற விளையாட்டை மனித குலம் கண்டுபிடித்ததே எங்கள் பயிற்சியாளர் பிறக்கப்போகிறார் என்று தெரிந்துதான். பதினான்கு ஆண்டுகள் எங்கள் கிளப்புக்கு ஆடினார். பந்து அவர் கைக்குப் போனால் கூடைக்குப் போகும், தவறினால் வெளியே போகும். இன்னொருவர் கைக்குப் போனதாகச் சரித்திரம் இல்லை. இதற்குக் கமிட்டி வைத்த பெயர் 'தன்னம்பிக்கை'. முழங்கால் தேய்ந்ததும் அவருடைய ஏழாம் எண் சட்டையை இனி யாரும் போடக்கூடாதென்று அரங்கக் கூரையில் தொங்கவிட்டார்கள். அவரைப் பயிற்சியாளர் ஆக்கினார்கள். 'குழு உணர்வை' ஊட்ட அவரை விட்டால் யார்?

நான் கமிட்டியில் உதவிச் செயலாளர். அணித் தலைவர் என் அத்தான், அக்காவின் கணவர். வயது ஏறிவிட்டது. கடைசி ஆட்டத்தில் தோற்றால் வேலை இல்லை என்று கமிட்டி அன்போடு தெரிவித்திருந்தது.

அந்த ஆட்டத்தில் ஒரு புள்ளி பின்தங்கியிருந்தோம். சில விநாடிகளே மிச்சம். பயிற்சியாளர் 'டைம் அவுட்' கேட்டார். பலகையில் வட்டங்கள் போட்டார், அம்புகள் போட்டார். எல்லா அம்பும் ஒரே வட்டத்தில் போய்க் குத்தி நின்றன.

"பந்த ஏழுக்குக் குடுங்க. மத்தத ஏழு பாத்துக்கும்."

"ஏழுன்னு யாரும் இல்லியே சார்," என்றார் அத்தான்.

"அதான்யா இந்த டீமோட குறையே!"

"அது நீங்க சார். இப்ப கோட்டு போட்டு வெளிய நிக்கிறீங்க."

"எதுத்துப் பேசாத. திட்டம்னா திட்டந்தான்."

அத்தான் களத்துக்குள் போனார். ஏழாம் எண்ணை மரியாதைக்கு ஒருமுறை தேடினார். கிடைக்கவில்லை. தானே எறிந்தார். விழுந்தது. ஜெயித்தோம்.

மறுநாள் கமிட்டி கூடியது. "வெற்றி வரும், போகும். கட்டுப்பாடு போனா வராது," என்று கமிட்டித் தலைவர் தழுதழுத்தார். பயிற்சியாளர் எழுந்தார். "பந்தத் தானே வச்சுக்கிறவன் டீமுக்கு ஆகமாட்டான்." யாரும் சிரிக்கவில்லை, அவ்வளவு கண்ணியமான சபை. அத்தானை நீக்கும் தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது.

சேதியை அக்காவிடம் சொல்லும் கௌரவம் எனக்கு வாய்த்தது.

"ஏன்டா, ஜெயிச்சாருல்ல?"

"ஆமாக்கா. அதான் பிரச்சினை."

"தோத்திருந்தா?"

"அப்பவும் அனுப்பியிருப்பாங்க. 'ஒழுக்கமானவரு'ன்னு சர்டிபிகேட் குடுத்து அனுப்பியிருப்பாங்க."

"வேணாம்னு ஒருத்தன்கூடச் சொல்லலியா?"

"இல்லக்கா. ஏகமனதா..."

அக்கா என்னையே பார்த்தாள்.

"உன் மனசையும் சேத்தாடா?"