ஜப்பான் அண்ணையும் ஆறடித் தடியும்

ஐரோப்பாக் கண்டத்திலேயே, ஓர் ஈயைக்கூட அடித்து விழுத்தாமல் இத்தனை பேரைக் கதிகலங்க வைத்த மனிதர் ஜப்பான் அண்ணையைத் தவிர வேறு யாரும் இருந்திருக்க முடியாது. சுவிஸின் ஆராவ் பட்டணத்தில் அவருடைய தடிக்குப் பலியானவை எனக்குத் தெரிந்து சில மின்குமிழ்கள், ஒரு கறிச்சட்டி மூடி, என்னுடைய இடது முழங்கை. இவற்றில் ஒன்றுகூட அவர் குறிவைத்து அடித்ததல்ல. குறிவைத்தவை எல்லாம் இன்றைக்கும் சுகமாக இருக்கின்றன.

பட்டத்தைக் கேட்டு ஆள் ஜப்பானுக்குப் போய் வந்தவர் என்று நினைத்துவிட வேண்டாம். யாழ்ப்பாணத்தில் பருத்தித்துறைப் பக்கம். உலகப் படத்தில் ஜப்பானைக் காட்டச் சொன்னால் விரல் அவுஸ்திரேலியாவில் போய் நிற்கும். நானும் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன்தான். ஆனால் எனக்குத் தெரியாததை நான் வெள்ளை உடுப்புப் போட்டுக்கொண்டு செய்வதில்லை.

எண்பதுகளின் நடுப்பகுதி. அகதி வழக்குப் போட்டுவிட்டுக் காத்திருந்தோம். யுத்தம் வந்தால் ஒளிவதற்கென்று சுவிஸ்காரர் நிலத்துக்குக் கீழே கட்டி வைத்திருந்த பங்கருக்குள், யுத்தத்துக்குத் தப்பி ஓடிவந்த எங்களைப் படுக்க விட்டிருந்தார்கள். யன்னல் கிடையாது. விடிந்ததா இருண்டதா என்று அறிய மணிக்கூட்டைப் பார்க்க வேண்டும். அண்ணையும் நானும் ஒரே உணவகத்தில் கோப்பை கழுவினோம். முதலாளி இரக்கப்பட்டு, தனக்குத் தெரிந்த ஃப்ராவ் ஹூபர் என்ற கைம்பெண்ணிடம் சொல்லி, அவ வீட்டுக் கூரைக்குக் கீழே இருந்த அறையை எங்களுக்கு எடுத்துத் தந்தார். தமிழனுக்கு வாடகைக்கு அறை கிடைப்பது அந்த நாளில் லொத்தர் விழுந்த மாதிரி. ஃப்ராவ் ஹூபர் போட்ட ஒரே நிபந்தனை, சத்தம் கூடாது. சத்தம் கேட்டால் வெளியே. வெளியே என்றால் திரும்பவும் பங்கர்.

அதனால் நான் அந்த அறையில் மூச்சுவிடுவதைக்கூட அளந்துதான் விட்டேன். கடுகு தாளிக்கும்போது சட்டியை மூடி, மூடிக்கு மேல் துவாயைப் போட்டு, துவாயை இரண்டு கையாலும் அமத்திப் பிடிப்பேன். இப்படி ஒருவன் பதுங்கி வாழ்கிற அறைக்குள்தான் அந்த மனிதர் ஓர் ஆறடி ஓக் மரத் தடியோடு வந்து நின்றார்.

நடந்தது இதுதான். லீவு நாளொன்றில் குளிர் தாங்காமல் பள்ளிக்கூட விளையாட்டு மண்டபத்துக்குள் ஒதுங்கியிருக்கிறார். அங்கே பத்துப் பன்னிரண்டு சுவிஸ்காரர் வெள்ளை உடுப்போடு நீளத் தடிகளைச் சுழற்றிக்கொண்டு நின்றிருக்கிறார்கள். போஜுட்சு என்று சொல்லும் ஜப்பான்காரரின் தடிச் சண்டையாம். சும்மா நின்றவரின் கையில் யாரோ ஒரு தடியைக் கொடுத்துவிட்டார்கள். கொடுத்தவரைத்தான் நான் இன்றைக்கும் தேடுகிறேன்.

சொல்லிக்கொடுத்த வாத்தியார் பகலில் தண்ணீர்க் குழாய் பொருத்துகிறவர். அவரும் ஜப்பானைக் கண்டதில்லை. ஆனால் அண்ணைக்கு அவர் சாட்சாத் கடவுள். "சென்செய் சொன்னவர்" என்றுதான் வாயைத் திறப்பார். சென்செய் என்றால் ஜப்பான் மொழியில் வாத்தியாராம். நடந்தால், இருந்தால், சோறு போட்டால், எல்லாவற்றுக்கும் முன்னால் இடுப்பை வளைத்து ஒரு கும்பிடு. கோப்பை கழுவுகிற மெசினுக்கும் கும்பிடு. முதலாளி அவருக்கு வயிற்றுக் குத்து என்று நினைத்து ஒருநாள் அரை நாள் லீவு கொடுத்தார்.

தடியை வாங்கி வந்த அன்றைக்கு பஸ் சாரதி மறித்து, "பனியில் சறுக்குகிற ஸ்கீயில் மற்றக் கட்டை எங்கே?" என்று கேட்டாராம். இவர் கும்பிட்டுவிட்டு, "எனக்கு ஒன்று போதும்" என்றாராம். பெருமையாக வந்து சொன்னார்.

"அண்ணை, ஊரிலை சிலம்படி பழகினனீங்களோ?"

"இல்லை."

"சண்டை சச்சரவு ஏதும்?"

"ஒருக்கா மாடு முட்ட வந்தது. ஓடிட்டன்."

"அப்ப இது என்னத்துக்கு?"

"மனம் ஒருநிலைப்படும் தம்பி. உனக்கும் நல்லது. நீ பூனை நடந்தாலும் பொலிஸ் எண்டு எழும்பிறனீ."

எங்கள் அறையின் கூரை இரண்டு பக்கமும் சரிந்து வரும். நடுவில் நின்றால்தான் ஆள் நிமிரலாம். அதிலும் குறுக்கே ஒரு மரம் நெற்றி உயரத்தில் ஓடும். அதற்குள் ஆறடித் தடியைச் சுழற்றுவதென்றால் பேனைப் பெட்டிக்குள் குடை விரிப்பது மாதிரி. அண்ணை சளைக்கவில்லை. முன்னுக்கு மூன்று அடி, மரத்துக்குக் குனிவு, அலுமாரியில் இடிபடாமல் அரைச் சுற்று, என்னுடைய மெத்தையைத் தாண்டி ஒரு பாய்ச்சல், கடைசியில் தடி முனையால் நிலத்தில் ஒரு குத்து. டொக். கட்டா என்று சொல்லும் அந்த அசைவு வரிசையை அவர் வேலையால் வந்து தினமும் செய்வார். வெள்ளை உடுப்போடேயே கறியும் காய்ச்சுவார். தொடக்கக்காரர் இடுப்பில் கட்டும் அவருடைய வெள்ளைப் பட்டி மஞ்சள் தூள் புண்ணியத்தில் தானாகவே அடுத்த படியான மஞ்சள் பட்டியாகப் பதவி உயர்ந்துவிட்டது.

ஒவ்வொரு டொக்குக்கும் கீழே இருந்து கூட்டுகிற தும்புத்தடி முனையால் பதில் வரும். ஃப்ராவ் ஹூபர் தன் முகட்டில் இடிக்கிறா.

"அண்ணை, கீழை மனிசி இருக்கிறா."

"இருக்கட்டுமன். நானென்ன அவவையோ அடிக்கிறன்?"

"சத்தம் கேக்குதெல்லோ."

"சத்தமில்லாமல் குத்திறதுதான் உச்சம். அதுக்கு இன்னும் பத்து வரியம் பழகவேணும்."

"பத்து நாள் இந்த அறையிலை இருப்பமோ எண்டு பாருங்கோ."

என் தொல்லை தாங்காமல் ஒரு ஞாயிற்றுக்கிழமை காட்டுக்குப் புறப்பட்டார். தனியே விட்டால் என்ன நடக்குமோ என்று நானும் பின்னால் போனேன். மரங்களுக்கு நடுவில் கறுத்த மனிதர் ஒருவர் வெள்ளை உடுப்போடு தடி சுழற்றுவதைக் கண்டால், குழந்தை குட்டியோடு உலாத்த வந்த சனம் என்ன செய்யும்? அரை மணித்தியாலத்தில் பொலிஸ்காரர் ஒருவர் நாயோடு வந்து நின்றார். எனக்கு வழக்கு, விசா, கொழும்பு விமானம் எல்லாம் கண்ணுக்கு முன்னால் வந்து போயின.

அண்ணை முதலில் பொலிஸ்காரருக்குக் கும்பிட்டார். பிறகு நாய்க்கு. நாய் படுத்துவிட்டது.

"இது என்ன?" என்று பொலிஸ்காரர் கேட்டார்.

"ஸ்போர்ட்" என்றார் அண்ணை. அந்த நேரத்தில் அவர் வாயில் வந்த ஜெர்மன் அவ்வளவுதான்.

பொலிஸ்காரர் தடியை வாங்கிப் பார்த்தார். எடை பார்த்தார். ஆசை யாரை விட்டது, ஒரு சுற்றுச் சுற்றினார். அவருடைய தொப்பி பறந்து போய்ப் புதருக்குள் விழுந்தது. எடுத்துத் துடைத்துப் போட்டுக்கொண்டு, இதையெல்லாம் காட்டில் செய்து சனத்தைப் பயமுறுத்த வேண்டாம், வீட்டில் செய்யுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார்.

அதோடு என் பிழைப்பு முடிந்தது. "வீட்டிலை செய்யச் சொல்லி பொலிஸே சொல்லிப்போட்டுது" என்று அண்ணை முன்னரைவிட உற்சாகமாகத் தொடங்கினார். அடுத்த நாளே மின்குமிழ் வெடித்தது. இருட்டில் அவர் சமையல் சாமான் தட்டின்மேல் விழுந்தார். பருப்புப் போத்தல் படிக்கட்டால் உருண்டு ஃப்ராவ் ஹூபரின் கதவடியில் போய்த்தான் நின்றது.

அவ மேலே வந்தா. கத்தவில்லை. சுவிஸ்காரர் கத்தாமல் பேசினால்தான் பயம். எனக்கு விளங்கிய அளவில் சொன்னது இதுதான்: இந்த மாதம் முடிய உங்கள் இரண்டு பேரையும் வைத்திருப்பதா இல்லையா என்று சொல்லுவேன்.

நான் அன்றைக்குச் சாப்பிடவில்லை. அண்ணை சாப்பிட்டுவிட்டுக் கை கழுவிக்கொண்டு சொன்னார், "வாற சனிக்கிழமை மண்டபத்திலை சனத்துக்கு முன்னாலை கட்டா செய்து காட்டவேணும். பட்டி தாற சோதினை. ஃப்ராவ் ஹூபரையும் வரச் சொல்லிப்போட்டன்."

"உங்களுக்கென்ன விசரோ?"

"சத்தம் ஏன் வருகுதெண்டு தெரியாமல்தான் மனிசி கோவிக்கிறா. கண்டால் கோவம் போயிடும்."

"கண்டால் கூடுமண்ணை. எங்களைத் திரும்பப் பங்கருக்கை கொண்டுபோய்த் தள்ளத்தான் நிக்கிறியள்."

அவர் பதிலுக்குக் கும்பிட்டார். கும்பிட்டால் வாய் அடைத்துவிடும் என்று சென்செய் சொல்லியிருப்பார்.

சனிக்கிழமை மண்டபம் நிறைந்திருந்தது. ஃப்ராவ் ஹூபர் தொப்பி, கைப்பை, நீளக் குடை சகிதம் முன்வரிசையில் வந்து குந்தினா. நான் தப்பி ஓட வசதியாகக் கதவோரம் நின்றேன். சுவிஸ்கார மாணவர்கள் ஒவ்வொருவராக வந்து, தடி காற்றில் கூவக் கூவச் சுழற்றிவிட்டுப் போனார்கள். பிறகு இவர். பட்டியில் கறி வாசம். நடுவில் போய் நின்று எல்லாத் திசைக்கும் கும்பிட்டு முடிக்கவே ஒரு தேத்தண்ணி குடிக்கலாம்.

தொடங்கினார். அந்த மண்டபத்தின் முகடு நான்கு ஆள் உயரம். அகலமோ, பந்து விளையாடலாம். இவர் முன்னுக்கு மூன்று அடி வைத்தார். உடனே குனிந்தார். சனம் ஒன்றையொன்று பார்த்தது. எனக்கு விளங்கிவிட்டது. எங்கள் அறையின் குறுக்கு மரத்துக்குத்தான் அந்தப் பாவி குனிகிறார். பிறகு இல்லாத அலுமாரியில் இடிபடாமல் வயிற்றை எக்கிக்கொண்டு அரைச் சுற்று. பிறகு வெறும் நிலத்தில் காலை உயரத் தூக்கி ஒரு பாய்ச்சல். அது என்னுடைய மெத்தை. இவ்வளவு பெரிய மண்டபத்தைக் கொடுத்தும், ஆள் எங்கள் அறைக்குள்தான் நின்று ஆடினார். வாத்தியார் நெற்றியைத் தடவிக்கொண்டிருந்தார். பின்வரிசையில் சிரிப்புக் கிளம்பியது.

அந்தச் சிரிப்புக் காதில் விழுந்திருக்க வேண்டும். அண்ணை நின்றுவிட்டார். அடுத்தது மறந்துபோயிற்று. தடி ஒரு பக்கம், ஆள் ஒரு பக்கம், கண் கூரையில். இனி இந்த ஆளோடு சேர்த்து என்னையும் தெருவில் விடத்தான் போகிறா என்று நான் ஃப்ராவ் ஹூபரைப் பார்த்தேன்.

அவ குடையை நிமிர்த்திப் பிடித்திருந்தா. மரத் தரையில் அதன் முனையால் தட்டினா. டொக். கொஞ்சம் விட்டு, டொக் டொக். பிறகு குடை முனையை நிலத்தில் ஒரு இழுவை இழுத்து, மீண்டும் ஒரு டொக்.

மாதக்கணக்காகத் தன் முகட்டுக்கு மேலே கேட்டதை அந்த மனிசி பாடமாக்கி வைத்திருந்திருக்கிறா. வாத்தியார் உட்பட அந்த மண்டபத்தில் இருந்தவர்களுள், அண்ணையின் அந்தக் கட்டா முழுதாகத் தெரிந்த ஒரே ஆள் அவதான்.

அண்ணையின் கால் தானாக அசைந்தது. குடை தட்டத் தட்ட, விட்ட இடத்திலிருந்து பிடித்து, கடைசிக் குத்துவரை வந்து, கும்பிட்டு முடித்தார். சிரித்தவர்களே கை தட்டினார்கள்.

பட்டி கிடைத்ததா என்று கேட்கிறீர்களா? கிடைக்கவில்லை. காரணமில்லாமல் குனிந்தது பிழை என்று வாத்தியார் சொல்லிவிட்டார்.

"அங்கை மரம் இருக்குதெண்டு சொல்லடா தம்பி" என்று அண்ணை என்னை இழுத்தார். நான் கதவுப் பக்கம் நகர்ந்தேன். அதற்குள் ஃப்ராவ் ஹூபர் இடையில் புகுந்து வாத்தியாருக்கு விரல் நீட்டி ஏசத் தொடங்கினா. அந்த இடத்தில் மரம் இருக்கிறதாம், தன்னுடைய வீடு தனக்குத் தெரியுமாம், குனியாவிட்டால் மண்டை உடையுமாம். இந்த மண்டபத்தில் மரம் இல்லையே என்று வாத்தியார் மெதுவாகச் சொன்னார். அதற்கு நாங்கள் என்ன செய்வது என்கிற மாதிரி அவ கைப்பையை எடுத்துக்கொண்டு நடந்தா.

வீட்டு வாசலில் வந்து நின்றுதான் தீர்ப்பைச் சொன்னா. இருக்கலாம். எங்கள் அறைக்குப் பக்கத்தில் உடுப்புக் காயப்போடுகிற பெரிய அறையின் கதவுத் திறப்பையும் அண்ணையின் கையில் வைத்தா. அங்கே மரமும் இல்லை, கீழே ஆளும் இல்லை. உடுப்புத் தோய்க்கும் நாளிலும் மத்தியானச் சாப்பாட்டு நேரத்திலும் மட்டும் தடியைத் தொடக் கூடாது. அண்ணை குனிந்த குனிவில் நெற்றி கதவுப் பிடியில் முட்டியது.

அறையும் மிஞ்சியது, ஆளும் ஒழிந்தது என்று கணக்குப் போட்டுக்கொண்டேன்.

"அண்ணை, உங்களுக்கு அங்கை தாராளமாய் இடமிருக்கு. மெத்தையையும் கொண்டுபோங்கோவன். காத்தோட்டமாயும் கிடக்கும்."

தடியை மட்டும் கொண்டுபோய்ச் சாத்திவிட்டு வந்தார். வந்து, தன் மெத்தையை வாசல் கதவுக்குக் குறுக்கே இழுத்துப் போட்டார். யாராவது வெளியே இருந்து திறப்பதென்றால் முதலில் அவரைத்தான் உருட்ட வேண்டும்.

"ஏனண்ணை, அங்கை படுத்தால் என்ன?"

"நீ கதவு கிறீச்செண்டாலே எழும்பிக் குந்திறனீ. நான் இதிலை கிடந்தால் உனக்கென்ன குறைஞ்சு போகுமோ? கதைக்காமல் படு."

ஒன்றும் குறையவில்லை. அந்த மனிதர் கதவடியில் கிடந்த காலமெல்லாம், நான் விடியும்வரை நித்திரை கொண்டேன்.