மாரண்டஹள்ளி நீலமடல் திறந்த படலம்

வாழ்க நூர் பாஷா! அளவு நாடாவை ஆரமெனக் கழுத்தில் அணிந்தவர். ஒன்பது அங்குலக் கத்தரியை உடைவாளெனக் கைக்கொண்டவர். சந்தைக்கு வரும் குடியானவன் வண்டியை விட்டு இறங்கும் சாயலைக் கண்டே அவன் இடுப்பளவு சொல்ல வல்லவர். முப்பது ஆண்டுகளாக மாரண்டஹள்ளிக் கடைவீதியில் ஒரு துணியையேனும் இருமுறை வெட்டியறியாத தையற்பெருந்தகை. பாட்டனார் நாள் முதல் பிறர் வாயில் விழாத குடியின் மூத்த தூண்! அத்தகையவர், ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்தெட்டாம் ஆண்டு மாசி மாதத்துச் சனிக்கிழமை ஒன்றில், ஒற்றைத் தாளோடு பொருது நின்ற வரலாற்றைச் சொல்லப் புகுகிறோம். சொல்லும் நா இடறாதிருக்க, ஊசிக்கும் ஒரு கண் வைத்த பெரியோனை முதற்கண் வணங்குகிறோம்.

போரைச் சொல்லுமுன் போருக்கு மூலம் சொல்ல வேண்டும். நூர் பாஷாவின் ஒரே மகன் உசேன், அக்குடியில் முதன்முதலாகக் கல்லூரிப் படி மிதித்தவன், பழங்கட்டடங்களைப் பழுது பார்க்கும் கலை பயில ஓராண்டு உதவித்தொகை பெற்று இஸ்தான்புல் மாநகர் சென்றிருந்தான். இரு கண்டங்களில் இரு கால் ஊன்றி நிற்பதும், பேரரசுகள் பல முடிசூடி முடியிழந்ததுமான அந்நகரிலிருந்து மாதம் ஒரு மடல் வரும். கடிதமும் உறையும் ஒன்றேயான மெல்லிய நீலத்தாள் அது. மடித்து, மூன்று பக்கமும் கோந்தால் ஒட்டியிருக்கும். பிரிப்பவர் ஓரத்தை மட்டும் நூலிழை அளவு நறுக்கித் திறக்க வேண்டும். திறந்த மடலை நூர் பாஷா கடையில் அமர்ந்து உரக்கப் படிப்பார். வீதி காது கொடுத்துக் கேட்கும். எதிர்க்கடைக் கேழ்வரகு வியாபாரி சென்னப்பன் தராசை நிறுத்திவிட்டுக் கேட்பார்.

தை மாதத்து மடலில்தான் விதி புகுந்தது. தையலுக்கென்று அரை அங்குலம் ஒதுக்கி வெட்டிப் பழகிய அக்கை, பழக்கத்தின் வேகத்தில் மடலின் ஓரத்திலும் அரை அங்குலம் உள்ளே தள்ளி வெட்டிவிட்டது. வெட்டுண்ட கீற்றில் மூன்று வரிகள் இருந்தன. அதை அறியாத நூர் பாஷா, வெற்றிக் குரலில் படித்துக்கொண்டே போனார்: "அம்மாவுக்கு ஒரு முக்கியமான விஷயம். இங்கே ஒரு" என்று ஏறிய குரல், அடுத்த மடிப்புக்குத் தாவி, "அத்தாவிடம் மெதுவாகச் சொல்லுங்கள். அவர் மனம் தாங்காது" என்று இறங்கி நின்றது.

சென்னப்பன்தான் முதலில் வாய் திறந்தார்.

"இங்கே ஒரு... என்னாங்க பாய்? ஒரு என்னா?"

கீற்றைத் தேடுவதற்குள் வெட்டுத்துணிச் சாக்கு வண்டியேறிப் பாலக்கோட்டில் தலையணை அடைப்பவரிடம் சேர்ந்திருந்தது. பாலக்கோட்டில் யாரோ ஒருவர் அம்மூன்று வரிகளின்மேல் தலைவைத்து நிம்மதியாக உறங்கிக்கொண்டிருக்க, உறக்கம் இழந்தவர் நூர் பாஷா. ஏனெனில் பொழுது சாய்வதற்குள் அந்த வெற்றிடத்தில் ஒரு வெள்ளைக்காரி குடியேறிவிட்டாள். மறுநாள் காய்கறி மண்டியில் அவளுக்குப் பொன்னிறக் கூந்தல் முளைத்தது. வாரக் கடைசியில் அவளுக்கு இது மூன்றாம் மாதம் என்று ஓசூர் பஸ்ஸில் பேசிக்கொண்டார்கள்.

பேச்சு கம்பைநல்லூரை எட்டியது. அங்கே புளி வியாபாரம் செய்யும் சலாவுதீன், நூர் பாஷாவின் மனைவி ஜுபைதாவுக்கு அண்ணன். அவர் மகள் வஹிதாவைத்தான் உசேனுக்கு நிச்சயம் செய்து வெற்றிலை மாற்றியிருந்தது. அவர் புறப்பட்டு வந்து வாசலிலேயே நின்றுகொண்டு சொன்னார்: "அடுத்த லெட்டர் எங் கண்ணு முன்னால பிரிக்கணும் மச்சான். அதுலயும் ஒரு வரி காணாம போச்சுன்னா, எம் மவளுக்கு நான் வேற எடம் பாத்துக்கறேன்."

"ஏங்க, ஒரு கார்டு போட்டு அவனையே கேட்டா என்னாங்க?" என்றார் ஜுபைதா.

கேட்பதா! கேட்டால், மூன்று வரியைத் தந்தையின் கத்தரி தின்றது என்று மகனுக்கு எழுத வேண்டும். சூரியன் மேற்கே உதிக்கலாம். மலை நடந்து பொம்மிடியில் ரயிலேறலாம். நூர் பாஷா தப்பாக வெட்டினார் என்று நூர் பாஷாவின் கையால் எழுதப்படுவது நடவாது. கேட்கவில்லை.

மாசியில் அடுத்த மடல் வந்தது. தபால்காரர் கோவிந்தன் அதை இரு கைகளாலும் ஏந்திக் கொடுத்தார். நூர் பாஷா அதைத் தகரப் பெட்டியில் வைத்துப் பூட்டி, சாவியை இடுப்பு வாரில் முடிந்து, கம்பைநல்லூருக்கு ஆள் அனுப்பினார். மூன்று நாள் அந்நீலமடல் முற்றுகையிடப்பட்ட கோட்டைபோல் இருளில் இருந்தது. மூன்று நாளும் அவ்வீதியில் சட்டைக்கு அளவு கொடுக்க வந்தவர்கள் சட்டையைப் பற்றிப் பேசவில்லை.

சனிக்கிழமை நண்பகல் சலாவுதீன் வந்திறங்கினார். பெட்டி திறந்தது. வெட்டுப் பலகையின் நடுவே மடல் வைக்கப்பட்டது. கடைக்கு முன்னே கூட்டம். கூட்டத்தின் முகப்பில் சென்னப்பன். கடையையும் பின்கட்டு வீட்டையும் பிரிக்கும் திரைக்கு அப்பால் ஜுபைதா. நூர் பாஷா எழுந்தார். குலத்தின்மேல் படிந்த மாசை இக்கணமே அறுத்தெறிவேன், அறுக்கும்போது ஓர் எழுத்தின் வாலும் சேதமுறாது, சேதமுற்றால் இக்கத்தரியை இனித் தொடேன் என்று அவர் உள்ளம் சூளுரைத்தது. வாய் வழியே வந்தது இவ்வளவுதான்:

"வெளிச்சத்த வுட்டு அந்தாண்ட நில்லுங்க."

மடலை வெயிலுக்கு எதிரே பிடித்துப் பார்த்தார். சிக்கனத்தில் தாயைக் கொண்ட அப்பிள்ளை, தாளில் மயிரிழை இடமும் விடாமல் எழுதியிருந்தான். மேலோரத்தில் எழுத்து, கீழோரத்தில் எழுத்து, கோந்து பூசிய மடிப்பின் அடியிலும் எறும்புப் படைபோல் எழுத்து. அகழியில்லாத கோட்டையாக, மதிலோடு மதிலாகக் குடிகள் நெருங்கி வாழும் நகராக அது தோன்றியது. எங்கே வெட்டினாலும் யாரேனும் சாவார்கள்.

"பிளேடு வேணும்னா கடையில கெடக்குது பாய், தரட்டுங்களா?" என்றார் சென்னப்பன்.

"நாலு மணிக்கு எனக்கு பஸ்ஸு" என்றார் சலாவுதீன்.

நூர் பாஷா மரக்கோலை வைத்தார், சாக்கட்டியைத் தீட்டிக் கோடு கிழித்தார், கத்தரி வாய் பிளந்தது. இடப்பக்கம்! வைரம் அறுக்கும் கையின் நிதானத்தோடு, நகத்தில் பாதி அகலக் கீற்று சுருண்டு விழுந்தது. எழுத்து ஒன்றும் விழவில்லை. கூட்டம் ஆரவாரித்தது. வலப்பக்கம்! கீற்று விழுந்தது, அதில் 'கு' என்னும் எழுத்தின் வால் மட்டும் கிடந்தது. சலாவுதீன் அதை விரல் நுனியில் ஒற்றி எடுத்து உற்றுப் பார்த்து, "இது பரவாயில்ல" என்று மன்னித்தார். எஞ்சியது மூன்றாம் பக்கம். தை மாதத்தில் மூன்று வரிகளைப் பலி கொண்ட அதே பக்கம். கத்தரி அதன்மேல் பருந்தென நின்றது, நின்றது, நின்றுகொண்டே இருந்தது. பெருநாளைக்கு முந்திய நாளில் நாற்பது சட்டை வெட்டியும் அயராத அக்கை, ஒரு நூலளவும் கீழிறங்க மறுத்தது. ஓசூர் பஸ் ஒன்று புழுதி கிளப்பிப் போயிற்று. தாள் படபடத்தது. வெட்டவில்லை.

அப்பொழுது நூர் பாஷா, மன்னர் எவரும் பகைவர் எதிரே செய்யத் துணியாத செயலைச் செய்தார். கத்தரியைப் பலகைமேல் வைத்துவிட்டு, முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு, "ஜுபைதா" என்றார்.

திரைக்கு அப்பாலிருந்து வளையலணிந்த கை ஒன்று நீண்டது. மடல் உள்ளே சென்றது. கொண்டையிலிருந்து ஊசி உருவும் அரவம். பிறகு வாயால் ஊதும் அரவம். ஒருவர் தும்மி முடிக்கும் நேரத்தில், முழுதாகப் பிரிந்த மடல், தோலுரித்த பழம்போல் வெளியே வந்தது.

"இதுக்கா இத்தினி கும்பல்?" என்றது திரை.

அக்கேள்வி தம் காதில் விழாததாகக் கொண்டு, நூர் பாஷா மூக்குக்கண்ணாடியை மாட்டிப் படிக்கத் தொடங்கினார்.

"அன்புள்ள அத்தா, அம்மாவுக்கு. நலம். இந்த ஊர் மதில்கள் ஆயிரத்தைந்நூறு வருடம் பழையவை. இருபது படைகள் வந்து முட்டிய மதிலடியில் இன்று ஒருவர் முள்ளங்கியும் வெங்காயமும் போட்டிருக்கிறார். நம் மண்டிக்கு வரும் முள்ளங்கியைவிடச் சிறியது. அரசர்கள் எல்லாரும் போய்விட்டார்கள், பாத்தி கட்டுகிறவர் மட்டும் இருக்கிறார் என்று அன்று நெடுநேரம் அங்கேயே நின்றேன். படகில் ஏறினால் ஒரு டீ குடித்து முடிப்பதற்குள் ஆசியாவிலிருந்து ஐரோப்பா வந்துவிடுகிறது. பாலக்கோட்டிலிருந்து நம் ஊருக்கு வரவே அதைவிட நேரமாகும். எந்த ஊர் என்று கேட்கிறார்கள். தர்மபுரிப் பக்கம் என்கிறேன். அது எங்கே என்கிறார்கள். சேலத்துக்கு வடக்கே என்கிறேன். சேலம் எங்கே என்கிறார்கள். இவ்வளவு பெரிய சரித்திரம் உள்ள ஊரில் இதுகூடத் தெரியவில்லை."

"அதானே!" என்றது கூட்டம், ஒரு மனதாக.

"பழைய சுவரைத் தொடுமுன், கட்டியவன் ஏன் இப்படிக் கட்டினான் என்று ஒரு நாள் முழுக்க யோசிக்கச் சொல்கிறார் எங்கள் ஆசிரியர். யோசிக்கிறேன். யோசித்தால் பசிக்கிறது. போன கடிதத்தில் எழுதிய விஷயம் பற்றி நீங்கள் ஒன்றும் எழுதவில்லை."

குரல் நின்றது. சென்னப்பன் கழுத்தை நீட்டினார். சலாவுதீன் எழுந்தே விட்டார்.

"படிங்க மச்சான்."

"அத்தாவுக்குக் கோபம் என்று புரிகிறது. நான் வேண்டுமென்று செய்யவில்லை. இங்கே ரொட்டி தின்று உடம்பு பெருத்துவிட்டது. பனி கொட்டும்போது கையைத் தூக்கினேன், அத்தா தைத்துக் கொடுத்த கோட்டில் தோள் தையல் விட்டுப்போய்விட்டது. அதனால் இங்கே ஒரு தையல்காரரிடம் போனேன். அவர் உள்ளே பிரித்துப் பார்த்து, பெரிதாக்க ஒரு விரற்கடைத் துணிகூட விடவில்லையே, யார் இதை வெட்டியது என்று கேட்டார். நான் சொல்லவில்லை. புதுக் கோட்டு தைத்துக்கொண்டேன். மன்னிக்கவும்."

அந்தோ, அந்தக் கோட்டு! பெங்களூரிலிருந்து வரவழைத்த கருநீலக் கம்பளியில், ஊர் வேலையெல்லாம் ஒதுக்கிவைத்து ஒன்பது நாள் உழைத்துத் தைத்த கோட்டு. 'உள்ள துணி எதுக்கு வுடணும்? நான் எடுத்த அளவு மாறாது' என்று செம்மாந்து, உட்புறத்தை ஒட்ட மழித்து வெட்டிய கோட்டு. பிள்ளை அதை அணிந்து பொம்மிடியில் ரயிலேறியபோது, வழியனுப்ப வந்தவர் யாவரும் பிள்ளையை விட்டுக் கோட்டையே பார்த்து நின்ற கோட்டு! அது கடல்களுக்கு அப்பால், பெயர் தெரியாத ஒரு கத்தரிக்காரனின் பலகைமேல் குடல் பிதுங்கிக் கிடந்த செய்தியை அதன் தந்தையே தம் வாயால் வீதிக்கு அறிவிக்க நேர்ந்தது.

"அப்ப வெள்ளக்காரி இல்லீங்களா?" என்றார் சென்னப்பன், நெருங்கிய உறவை இழந்தவர்போல்.

"கோட்டா! அட கோட்டுதானா!" சலாவுதீன் மைத்துனரை மார்போடு அணைத்துக்கொண்டார். "அல்லா காப்பாத்துனான் மச்சான். ரம்ஜான் முடிஞ்சி மொத வாரம் கண்ணாலம் வெச்சிக்கலாம்."

"எம் புள்ள குளுருல வெறைக்காம இருக்கறான், அது போதும்" என்றது திரை.

எல்லார் முகத்திலும் நிலவு எழுந்தது. ஒருவர் முகத்தில் மட்டும் எழவில்லை. அணைப்பிலிருந்து விடுபட்ட நூர் பாஷா, கண்ணாடியைக் கழற்றி மடித்து, யாரையும் பாராமல் தணிந்த குரலில் சொன்னார்:

"வெள்ளக்காரிய கட்டியிருந்தாக்கூட நான் வெளிய தல காட்டியிருப்பேன்."

வீதி சிரித்தது. சலாவுதீன் பஸ்ஸுக்குப் புறப்படுகையில் வாசற்படியில் திரும்பி நின்று, "மாப்ள கோட்டு நீங்கதான் தைக்கணும் மச்சான். உள்ள மட்டும் ரெண்டு விரக்கட துணி வுட்டுருங்க" என்றார்.

இவ்வாறு, குடிப்பழி துடைத்து, நிச்சயம் காத்து, ஊர்வாயை அடைத்து, பொன்கூந்தல் வெள்ளைக்காரியை வந்த வழியே துரத்தியடித்து, மூவுலகும் போற்றத்தக்க வெற்றி பெற்றும், அவ்வெற்றியின் உச்சியிலேயே தம் தோள் தையல் விட்ட கதையைத் தாமே பாடி நின்ற அவ்வீரப்பெருமகனார், சென்னப்பனின் சிரிப்பொலி தேய்ந்து கேழ்வரகு அளக்கும் ஒலியில் கரையும் வரை அசையாது வீற்றிருந்து, பின்னர் நெடுமூச்செறிந்து, கத்தரியை உறையிலிட்டு, நிமிர்ந்த முதுகு நிமிர்ந்தவாறே பலகையின் மறுபுறம் திரும்பினார்.

ஒரு பாவாடைக்கு நாடா கோத்தார்.