வாசல் மயில்

அன்புள்ள அண்ணன் மகனுக்கு, உன் வீட்டுக்குக் காவலா உட்கார்ந்திருக்கிற அத்தை எழுதுறேன். நானும் மாமாவும் கடவுள் புண்ணியத்துல நல்லாயிருக்கோம். உன் தோட்டக்கலைப் பயிற்சி நல்லபடியா முடியணும்னு தினமும் வேண்டிக்கிறேன். வாசல்ல நீ செடியில வெட்டி வெச்சிருந்த மயில் மட்டும் நல்லாயில்லப்பா.

கோவப்படாம படி. "மாசக் கடைசியில ஓட்டல் முதலாளி என் கைவேலையைப் பார்க்க வருவாரு, இந்த மயில் பிடிச்சா அவங்க தோட்ட வேலை முழுசும் எனக்குத்தான், தண்ணி மட்டும் ஊத்துங்கத்தை"ன்னு சொல்லிட்டுப் போனே. தண்ணி மட்டும்தான் ஊத்தினேன். காலையில சாமி படத்துக்கு வைக்க ஒரு கொத்து கிள்ளினேன், அவ்வளவுதான். வருஷம் பூராவும் பச்சையா நிக்குற செடி, ஒரு கொத்துல என்ன குறைஞ்சிடப் போகுதுன்னு நெனச்சேன். முட்டிவலிக்காரி, படியில நின்னபடியே கை எட்டுற இடத்துலதான் தினமும் கிள்ளினேன். அது தோகைப் பக்கம்னு இருபது நாள் கழிச்சு மாமா சொல்லித்தான் தெரியும்.

"என்னடி, மயிலு வாத்தாயிடுச்சு?"ன்னாரு. "உங்க கண்ணு அப்படி"ன்னேன். ஆனா வாத்துதான். சரி, தலையையும் கொஞ்சம் குறைச்சா பொருந்திடுமேன்னு உன் கத்தரியை எடுத்தேன். கழுத்து சாய்ஞ்சுது. மாமா வேற நாற்காலி போட்டு உட்கார்ந்துகிட்டு, "இப்ப கோழி... இப்ப ஆமை"ன்னு ஏலம் விடுற மாதிரி கத்துறாரு. உள்ள குச்சி தெரியுற அளவுக்கு வெட்டினா மறுபடி துளிர்க்காதுன்னு நீ சொன்னது அப்பத்தான் ஞாபகம் வந்துச்சு. கடவுளேன்னு நிறுத்திட்டேன். நிறுத்தினப்போ அது உருண்டை.

ஏழு வருஷமா நீ வளர்த்த மயில். உன் பொழைப்புல மண்ணைப் போட்டுட்டேன். கத்தரியைத் துணியில சுத்திப் பரண்ல போட்டாச்சு, இனி தொடமாட்டேன்னு சாமி முன்னால சத்தியமும் பண்ணியாச்சு. நீ என்ன திட்டினாலும் வாங்கிக்கிறேன், சாப்பிடாம மட்டும் இருந்துடாதே. கடவுள் உனக்கு நீண்ட ஆயுசும் பொறுமையும், முக்கியமா பொறுமையும், குடுக்கட்டும்.

உன் அத்தை

பி.கு.: உறையை ஒட்டுறதுக்குள்ள ஓட்டல் முதலாளி வந்துட்டாரு! செடியைச் சுத்திச் சுத்திப் பார்த்தாரு. "நல்லவேளைம்மா, மயிலு மானுன்னு ஏதாவது வெட்டி வெச்சிருப்பாரோன்னு பயந்துகிட்டே வந்தேன். இதே மாதிரி உருண்டை எங்களுக்கு நாப்பது வேணும்"னாரு. உன் கைவேலைன்னு சொல்லிட்டேன், அந்தப் பொய்யைப் பத்தி சாமிகிட்ட நான் பேசிக்கிறேன். நாளைக்குக் கூட்டாளியைக் கூட்டிட்டு வந்து காட்டப் போறாராம். இப்பப் பார்த்தா இடது பக்கம் கொஞ்சம் தூக்கலா இருக்கு. மாமாவைப் பரண்ல ஏறச் சொல்லியிருக்கேன்.