ஏத்துத உளுந்தும் ஏத்தாத வத்தலும்

கார் ஓட்டத் தெரிந்தவர்கள் எல்லோரும் ஒரே பாட்டைத்தான் பாடுவார்கள்: ஓட்டுவது பெரிய வித்தை இல்லை, எதிரே வருகிறவன்தான் பிரச்சினை என்று. நான் பழகிய ரோட்டில் எதிரே ஈ, காக்காய்கூட வரவில்லை. ரோட்டில் காய்ந்துகொண்டிருந்ததுதான் பிரச்சினை.

நான் சென்னையில் அடுக்குமாடி வீட்டில் வளர்ந்தவள். வாக்கப்பட்ட ஊர் சுரண்டைக்கும் கீழப்பாவூருக்கும் நடுவில். கணவர் துபாயில் இருந்தார், அவர் வாங்கிய கார் தொழுவத்தில் இருந்தது. தென்காசியில் ஒரு பள்ளிக்கூடத்தில் எனக்குத் தாவரவியல் டீச்சர் வேலை. தினமும் காலையில் பஸ்ஸில் ஒற்றைக்காலில் நின்று போவேன். (இன்னொரு கால் யார் பைக்கு அடியில் இருக்கிறது என்பது இறங்கும்போதுதான் தெரியும்.) அந்தக் காரின் மேல் எனக்கு எவ்வளவு ஆசை இருந்திருக்கும் என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

மாமனார் ஒருநாள் கெடு வைத்தார். "பங்குனி உத்திரத்துக்கு சாஸ்தா கோயிலுக்கு நம்மள நீதான் ஓட்டிக் கூட்டிட்டுப் போணும் தாயி. போயிட்டா கார் ஒனக்கு. இல்லன்னா சிவகிரி மச்சான் ரொம்ப நாளா கேக்கான், கொடுத்துருவேன். சும்மா கெடந்து எலி கடிக்கி."

சொல்லிக்கொடுக்கும் பொறுப்பு கொழுந்தன் செந்திலுக்கு வந்தது. ரொம்பப் பொறுமைசாலி. முதல் நாள் சாயங்காலம்வரை.

"மைனி, பிரேக்க மிதிங்கன்னு சொல்லுதேன், நீங்க என்னத்த மிதிக்கிய?"

"பிரேக்தானே தம்பி?"

"அது கிளச்சு. மொதல்ல மிதிச்சதும் கிளச்சுதான்."

இப்படியே முட்டி மோதி இரண்டாவது கியர்வரை வந்த ஒரு நாளில், ஊருக்கு வெளியே ரோட்டின் பாதியை அடைத்து உளுந்துச் செடியைப் பரப்பியிருந்தார்கள். சாப்பிடுகிற பொருளாயிற்றே என்று பதறி, சரியாக அதற்கு முன்னால் காரை நிறுத்தினேன். வாழ்க்கையில் நான் முதன்முதலாகச் சரியாகப் பிடித்த பிரேக் அதுதான். பாராட்டுவார்கள் என்று பார்த்தால், உளுந்துக்காரர் இரண்டு கையையும் தூக்கி ஆட்டிக்கொண்டு ஓடி வந்தார்.

"என்ன டீச்சர், நிப்பாட்டிட்டிய? ஏத்துங்க. வண்டி ஏறத்தானே போட்டிருக்கு."

"மேலேயா அண்ணாச்சி?"

"மேலதான். அங்கன வர போயிட்டு, பொறத்தால ஒருதரம் வாங்க. அப்பத்தான் நல்லா உதிரும்."

ஏற்றினேன். பின்னால் வந்தேன். மறுபடி ஏற்றினேன். செந்திலுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. பிறகு தினமும் யார் உளுந்து போட்டாலும் எங்கள் காரைக் கூப்பிட்டார்கள். ரிவர்ஸ் எடுக்க எனக்குச் சொல்லிக்கொடுத்தது செந்தில் இல்லை, அந்த ஊர் உளுந்துதான். அத்தோடு ஒரு பாடமும் மனதில் ஆழமாகப் பதிந்துவிட்டது: இந்த ஊரில் ரோட்டில் எது கிடந்தாலும் ஏற்ற வேண்டும், ஏற்றாமல் போனால் மரியாதைக் குறைவு.

உத்திரத்துக்கு நாலைந்து நாள் இருக்கும்போது, செந்தில் டீக்கடையில் இறங்கிக்கொண்டு, "அம்மன் கோயில் வர போயித் திரும்பி வாங்க மைனி" என்று என்னைத் தனியே அனுப்பினான். தூசிக்குப் பயந்து கண்ணாடிகளை ஏற்றிவிட்டு, ஏ.சி.யைப் போட்டு, மகாராணி மாதிரி போனேன். வளைவு திரும்பியதும் ரோட்டோரம் சிவப்பாக விரிந்திருந்தது மிளகாய் வத்தல்.

மிளகாய் என்று தெரிந்தது. தெரியாமல் செய்தேன் என்று சொல்லித் தப்பிக்க வழியில்லை. தாவரவியலில் எம்.எஸ்சி. முடித்த என் மூளை அந்த நேரத்தில் சொன்னது: விதை பிரிக்கிறார்கள். பக்கத்தில் வழி தாராளமாக இருந்தும், உதவி செய்வோமே என்று காரை அதன்மேல் ஏற்றினேன். வத்தலுக்குச் சொந்தக்காரியான பேச்சியம்மா சித்தி வீட்டுக்குள்ளிருந்து ஓடி வந்து இரண்டு கையையும் தூக்கி ஆட்டினார். எனக்குப் பழக்கமான கையாட்டல்தானே அது? புன்னகையோடு தலையசைத்துவிட்டு, ரிவர்ஸ் போட்டேன்.

நெடி அப்போதுதான் ஏ.சி. வழியாக உள்ளே வந்தது. கண் எரிந்து, மூக்கு ஒழுகி, தொடர்ந்து தும்மினேன். அப்படியும் எடுத்த காரியத்தை முடித்துவிட்டுத்தான் கதவைத் திறந்தேன். வெளியே தெருவே இருமிக்கொண்டிருந்தது. ஆடுகூடத் தும்மியது.

"ஏட்டி, நிறுத்துட்டின்னு தொண்ட கிழியக் கத்துதேன், சிரிச்சிக்கிட்டே திரும்ப ஏத்துதியே" என்றார் சித்தி. வருஷம் முழுவதற்குமான வத்தல் அது. எனக்குப் பூமி பிளந்து உள்ளே போய்விடலாம் போல இருந்தது. கார் சிவகிரிக்குப் போயே போய்விட்டது என்று தும்மலோடு சேர்த்து அழவும் செய்தேன்.

தகவல் கேட்டு மாமனார் துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டு வந்தார். சித்தி முறையிட்டார்: "மொத தரம் தெரியாம ஏத்துனான்னு வைங்க அண்ணாச்சி. பொறத்தால வந்து வேற ஏத்துதா. ஒரு வத்தல் தப்பல."

மாமனார் டயர்த் தடத்தைக் குனிந்து பார்த்தார். அந்தக் கோடியிலிருந்து இந்தக் கோடிவரை பார்த்தார்.

"போன தடத்துலயே திரும்பி வந்திருக்காளே?"

"அதத்தான நானும் சொல்லுதேன்."

"செந்திலுக்கு இன்னும் ரிவர்ஸு நேரா வராது பேச்சி. கொல்லச் செவத்துல இடிப்பான்." என்னைப் பார்த்துத் திரும்பினார். "நீ அழாத தாயி. நம்ம வீட்டு வத்தல அள்ளி சித்திக்குக் கொடு. மச்சான்கிட்ட கார் கெடையாதுன்னு நான் சொல்லிக்கிடுதேன்."

உத்திரத்துக்கு நான்தான் ஓட்டினேன். லைசென்ஸும் வாங்கி, இத்தனை வருஷமாகத் தென்காசிக்கு உட்கார்ந்தே போய் வருகிறேன். ஊரும் இப்போது தெளிவாக இருக்கிறது. "டீச்சர், இது ஏத்துத உளுந்து" என்று ஒருவர் கை காட்டுவார், "டீச்சர், இது ஏத்தாத மல்லி" என்று இன்னொருவர் எட்டத்திலேயே கத்துவார். வீட்டில் என் மகள் தட்டில் எதையாவது வைத்துவிட்டு, "அம்மா, இது ஏத்தாத தோசை" என்கிறாள். பேச்சியம்மா சித்தி மட்டும் அப்படி எதுவும் சொல்வதில்லை. என் ஹாரன் கேட்டதும் பிளாஸ்டிக் நாற்காலியைத் தூக்கிவந்து, வத்தலுக்கு முன்னால் நடுரோட்டில் போட்டு உட்கார்ந்துகொள்வார். நான் ஓரமாக ஒதுங்கிக் கடந்து போகும்வரை எழுந்திருக்க மாட்டார். "பள்ளிக்கூடத்துக்கா டீச்சர்? பாத்துப் போயிட்டு வாங்க" என்பார், நாற்காலியின் இரண்டு கைகளையும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு.