முடிச்சில் மாட்டிய பேட்டரி கிரிப்

எனக்கு முடிவெடுக்க வராது. சாப்பாட்டுக் கடையில் மீ கோரெங்கா நாசி கோரெங்கா, வறுத்த நூடுல்ஸா வறுத்த சோறா என்று நான் யோசித்து முடிப்பதற்குள் என் வீட்டுக்காரர் சாப்பிட்டுக் கைகழுவிப் பல்லும் குத்தியிருப்பார். அப்படிப்பட்டவள் கேமராவுக்கு ஒரு பேட்டரி கிரிப் வாங்குவதா வேண்டாமா என்று யோசிக்க ஆரம்பித்தேன். அந்த யோசனை என் தம்பி கல்யாணத்தில் போய்த்தான் முடிந்தது.

பேட்டரி கிரிப் என்பது கேமராவுக்கு அடியில் மாட்டுகிற கனத்த பிடி. உள்ளே இரண்டு பேட்டரி போடலாம். கேமராவை நெட்டுக்குத்தாகத் திருப்பிப் பிடித்தால் விரலுக்கு வாகாக இன்னொரு பொத்தானும் இருக்கும். ஆனால் உண்மையைச் சொல்கிறேனே, எனக்குப் பேட்டரியும் பெரிதில்லை, பொத்தானும் பெரிதில்லை. அதை மாட்டினால் என் சின்னக் கேமரா பெரிய ஆள் கேமரா மாதிரி தெரியும். (வேறென்ன வேண்டும் சொல்லுங்கள்!)

தம்பி குணாவுக்குப் பார்த்திருந்த பெண் ஷாலினி, பண்டார் பாரு ஊர்க்காரி. அவள் ஏற்கெனவே ஒரு போட்டோகிராபரைப் பேசி வைத்திருந்தாள். நான்தான் மூக்கை நுழைத்தேன்.

"வீட்டுலயே ஆளு இருக்கு, வெளி ஆளுக்கு எதுக்கு டூயிட் குடுக்கணும்?" என்று காசுக் கணக்குப் பேசினேன்.

ஷாலினி மரியாதை தெரிந்த பெண்.

"சரிக்கா. ஆனா ஒண்ணு. மத்த படம் எப்படி வந்தாலும் பரவால்ல. தாலி கட்டுற படம் மட்டும் நல்லா வரணும். அத திருப்பி எடுக்க முடியாதுல்ல?"

"அக்காவ நம்பு லா!" என்று நெஞ்சைத் தட்டிக்கொண்டேன்.

மெர்கோங்கில் கேமராக் கடை வைத்திருந்தவரை நாங்கள் நானா என்றுதான் கூப்பிடுவோம். தமிழ் முஸ்லிம், பொறுமைசாலி. நான் போவதும், அந்தக் கிரிப்பைத் தடவிப் பார்ப்பதும், திரும்பி வருவதுமாக இருந்ததில் அந்தப் பொறுமைக்கும் ஒருநாள் முடிவு வந்தது.

"தங்கச்சி, நீங்க வாங்கவும் மாட்டேங்கறீங்க, விடவும் மாட்டேங்கறீங்க. இந்தாங்க, தம்பி கல்யாணத்துல போட்டுப் பாருங்க. புடிச்சா வாங்கிக்குங்க, புடிக்கலன்னா திருப்பிக் குடுங்க. சாமான்ல ஒரு கீறல் விழக் கூடாது, ஆமா!"

கல்யாணம் தோட்டத்து மாரியம்மன் கோவிலில். நான் பட்டுப்புடவையும் கேமராவுமாக இறங்கியதும், "என்னக்கா, பீரங்கியா?" என்று யாரோ கேட்டார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை. கீழே விழுந்து கீறிவிடக் கூடாதே என்று, கிரிப்பில் தொங்கிய மெல்லிய நாடாவை மணிக்கட்டில் மாட்டிக்கொண்டேன்.

கெட்டிமேளம் முழங்கியது. குணா தாலியை எடுத்தான். நான் எல்லாருக்கும் முன்னால் பாய்ந்து போய் நின்று, கேமராவை நெட்டுக்குத்தாகத் திருப்பி, கிரிப்பின் பொத்தானை அமுக்கினேன். ஒன்றும் நடக்கவில்லை. மறுபடி அமுக்கினேன். ஊஹூம். அந்தப் பொத்தானுக்கென்று தனியாக ஒரு சுவிட்ச் உண்டு, அதைப் போட்டால்தான் வேலை செய்யும். (நானா சொல்லத்தான் செய்தார். நானும் தலையாட்டத்தான் செய்தேன்.) தடவித் தடவி அதைக் கண்டுபிடித்துப் போடுவதற்குள் குணா முதல் முடிச்சைப் போட்டுவிட்டான். எனக்குக் கிடைத்தது அவன் முழங்கை. பின்னாலிருந்து கைப்பேசியில் எடுத்தவர்கள் அத்தனை பேருக்கும் கிடைத்தது என் முதுகு.

"அடியே! மிச்ச முடிச்ச யாரு போடுவா? நீதானடி நாத்தனாரு!" என்று அம்மா கத்தினாள்.

எங்கள் வழக்கப்படி முதல் முடிச்சுதான் மாப்பிள்ளைக்கு. மற்ற இரண்டும் அவன் கூடப் பிறந்தவள் போட வேண்டும். சத்தியமாக மறந்தே போயிருந்தேன்.

"கேமராவ யாருகிட்டயாச்சும் குடுத்துட்டு வாடி!"

கொடுப்பதா வேண்டாமா என்று யோசித்தேன். யோசித்துக்கொண்டே ஓடினேன். கேமரா மணிக்கட்டில் தொங்கத் தொங்க, ஷாலினியின் பின்னால் நின்று இரண்டு முடிச்சையும் இறுக்கிப் போட்டேன். என் தொப்பைக்கும் அவள் முதுகுக்கும் நடுவே மாட்டிக்கொண்ட பொத்தான் இப்போது அருமையாக வேலை செய்தது. டக்டக்டக்டக்கென்று அது பாட்டுக்கு எடுத்துத் தள்ளியது.

அக்கினியைச் சுற்றி வரலாம் என்றார் குருக்கள். ஷாலினி எழுந்தாள். தாலி தொண்டைக்கு ஏறியது.

"அக்கா... யாரோ கழுத்தப் புடிச்சு இழுக்கறாங்க."

"நான்தாம்மா" என்றேன்.

தாலிக் கயிற்றோடு சேர்த்துக் கிரிப் நாடாவையும் முடிச்சுப் போட்டிருந்தேன். கையை உருவிக்கொண்டேன். ஆனால் கேமரா அவள் கழுத்தில் தொங்கியது. குருக்கள் ஓடி வந்து அதை இரண்டு கையாலும் தாங்கி, அவள் தோளுக்கு முன்னால், லென்ஸ் அவள் முகத்தைப் பார்க்கத் தூக்கிப் பிடித்துக்கொண்டார்.

"கயித்த வெட்டிட்டு வேற கட்டலாமே?" என்றார் கூட்டத்தில் ஒருவர்.

"வாயக் கழுவுய்யா!" என்று சீறினாள் அம்மா.

"போட்ட முடிச்ச அவுக்கவும் கூடாது. அந்த நாடாவ வெட்டும்மா" என்றார் குருக்கள்.

கத்தரிக்கோல் என் கைக்கு வந்தது. அது நானாவின் சாமான். வெட்டினால் வாங்கியே ஆக வேண்டும். வேண்டுமா, வேண்டாமா? கோவிலே என்னைப் பார்த்தது. மேளக்காரர்கூட நிறுத்திவிட்டார்.

"அக்கா, இப்பயுமா யோசிக்கற?" என்று குணா அழாத குறையாகக் கேட்டான்.

அதுவரை அடக்கிக்கொண்டிருந்த ஷாலினி குபுக்கென்று சிரித்துவிட்டாள். டக் என்று கேமராவும் ஒரு சத்தம் போட்டது. நான் வெட்டினேன்.

அன்று சாயந்தரம் படங்களைத் தள்ளித் தள்ளிப் பார்த்தேன். முழங்கை, மல்லிகைப்பூ, ஜாக்கெட் முடிச்சு, மறுபடி மல்லிகைப்பூ. அந்தப் பெண் கேட்டது ஒரே ஒரு படம். அதைக்கூட என்னால் கொடுக்க முடியவில்லையே என்று அழுகை அழுகையாக வந்தது. கேமராவை அவள் மடியில் வைத்து, "என்னை மன்னிச்சிரும்மா" என்றேன்.

அவள் கடைசிப் படம் வரைக்கும் தள்ளிக்கொண்டே போனாள். அங்கே நின்றாள். குருக்களின் விரல் பட்டு விழுந்த படம் அது. கழுத்தில் மஞ்சள் மாறாத புதுத் தாலிக் கயிறு, முகமெல்லாம் சிரிப்பு, கண்ணோரத்தில் தண்ணீர்.

"அக்கா, இவ்வளவு அழகா நான் எந்தப் படத்துலயும் இருந்ததில்ல" என்றாள்.

வெட்டுப்பட்ட நாடாவைப் பார்த்த நானா நேராகப் பேனாவை எடுத்தார். பில்லை எழுதினார்.

அந்தப் படம் இன்றைக்கும் குணா வீட்டு ஹாலில் பெரிய சட்டத்துக்குள் இருக்கிறது. புதிதாக யார் வந்தாலும் அதன் முன்னால் நின்றுவிடுவார்கள்.

"அருமையா இருக்கே! யாரு எடுத்தது?"

"குருக்கள்" என்பாள் ஷாலினி.

"அப்ப பின்னால கத்தரிக்கோல புடிச்சிக்கிட்டு, வாயப் பொளந்துக்கிட்டு நிக்கறது யாரு?"

"அவங்கதான் போட்டோகிராபர்."