இரண்டு மருத்துவர்களும் ஒரு பேட்டரியும்

அன்பும் மரியாதையும் மிக்க மாப்பிள்ளைக்கு,

மாமனார் எழுதுவது. இங்கே நானும் உங்கள் அத்தையும் சுகம். அங்கே நீங்களும் மகளும் சுகமென்று நம்புகிறேன். நீங்கள் எங்களுக்குத் தந்த காரும் இப்போது சுகம். கடிதமே அதைப் பற்றித்தான்.

இந்த வயதில் நான் ஓட்டியது போதும், ஞாயிற்றுக்கிழமை வந்து காரை எடுத்துக்கொண்டு போகிறேன் என்று தொலைபேசியில் சொன்னீர்கள். சரி மாப்பிள்ளை என்றேன். எதிர்த்துப் பேச எனக்கு வராது. யோசித்து எழுதத்தான் வரும். முழுக்கப் படித்துவிட்டுக் கோபப்படவும்.

முப்பத்தெட்டு ஆண்டுகள் வானிலை அலுவலகத்தில் அளவுகளைக் குறித்தவன் நான். அளவு பிசகினால், அளவைப் பார்த்தவனை முதலில் சந்தேகி, பிறகு கருவியைச் சந்தேகி என்பது அங்கே பாலபாடம். மூன்று மாதங்களுக்கு முன் காரின் முன்விளக்கு மங்கலாகத் தெரிந்தது. கண் கெட்டுவிட்டது என்று குறிப்பேட்டில் தேதியோடு எழுதினேன். அடுத்த வாரம் ஹாரன் சளி பிடித்தவன் கூப்பிடுவதுபோல் ஒலித்தது. சரி, காதும் போயிற்று. சாவியைத் திருப்பினால் எஞ்சின் முனகி முனகி எழுந்தது, காலைக் குளிரில் இன்னும் மோசம். மணிக்கட்டில் வலுவில்லை போலும் என்று ரப்பர் பந்து வாங்கிப் பிசைந்தேன். வண்டிக் கடிகாரம் இரண்டு முறை பன்னிரண்டுக்கே திரும்பியிருந்தது, நானே எதையோ அழுத்திட்டு மறந்திருப்பேன், ஆக ஞாபகமும் போச்சு என்று மகளிடம் உளறினேன், அவள் உங்களிடம் சொன்னாள், நீங்கள் வருகிறேன் என்றீர்கள்.

கண் மருத்துவர் குறையில்லை என்றார். காது மருத்துவர், நான் நம்பாததால், இரண்டாம் முறையும் சோதித்து அதையே சொன்னார். அப்படியும் மனம் ஆறவில்லை. திங்களன்று உங்கள் அத்தையை முழங்கால் பயிற்சிக்கு அழைத்துப்போக ஏறி உட்கார்ந்தால், டிக் டிக் என்ற சத்தம் மட்டும் வந்தது. தெருமுனை மெக்கானிக் வந்து, என் குறிப்பேட்டைப் படித்து முடித்த பிறகுதான் பானெட்டைத் திறந்தார்.

"சார், ரெண்டு டாக்டரைப் பாத்திருக்கீங்க. வண்டியை யார்கிட்டயாவது காட்டினீங்களா?"

இல்லை என்றேன்.

"பேட்டரி சாகப்போறேன்னு மூணு மாசமா கத்திக்கிட்டு இருக்கு. நீங்க என்னடான்னா பந்தைப் பிசையறீங்க."

பேட்டரிக்கு வயது ஐந்து. முனைகளில் வெள்ளையும் பச்சையுமாக உப்புப் பூத்திருந்தது. புதியது மாட்டியாயிற்று. உங்கள் அத்தை சிரித்த சிரிப்பில் முழங்கால் வலியையே மறந்தாள். மாப்பிள்ளை, அவளால் பஸ் படி ஏற முடியாது. வாரம் மூன்று நாள் பயிற்சிக்குப் போனால்தான் தடியில்லாமல் நடப்பாள். வாடகைக் காரில் போகலாம்தான்; ஆனா பக்கத்துல உட்கார்ந்து நான் ஓட்டறதைக் குறை சொல்லலேன்னா அவளுக்குப் பொழுதே போகாது. ஆகவே ஞாயிறன்று அவசியம் வாருங்கள், சாப்பிடுங்கள், காரை மட்டும் விட்டுவிட்டுப் போங்கள்.

உங்கள் இருவருக்கும் நீண்ட ஆயுளும், கூப்பிட்டவுடன் கிளம்பும் வாகனமும் என்றும் வாய்க்கட்டும்.

இப்படிக்கு,
எழுத்தில் மட்டும் தைரியமுள்ள
மாமனார்

பின்குறிப்பு: உங்கள் அத்தை தோளுக்கு மேல் எட்டிப் படிப்பாள் என்பதால், இக்கடிதத்தை நேற்று மாலை காருக்குள் உட்கார்ந்து எழுதினேன். புது பேட்டரியின் பலத்தை ரசிக்க முன்விளக்கையும் போட்டுக்கொண்டேன். இன்று காலை மறுபடியும் டிக் டிக். பேட்டரியில் குற்றமில்லை, விளக்கு விடியவிடிய எரிந்திருக்கிறது என்றார் மெக்கானிக். நான் வாயைத் திறப்பதற்குள், "லைட்டை நான்தாம்பா அணைக்க மறந்துட்டேன்" என்றாள் உங்கள் அத்தை. நேற்று அவள் காரின் பக்கமே வரவில்லை. இருந்தாலும் குறிப்பேட்டில் அவள் சொன்னபடியே எழுதிவிட்டேன். நீங்களும் தயவுசெய்து அதையே நம்பவும்.