சம்பந்தி வீட்டு வெந்நீர்

பைப்பு விஷயத்தில் நான் தோற்றதே கிடையாது. ரங்கூனில் யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள். (என் சம்சாரத்தை மட்டும் கேட்க வேண்டாம்.) படிப்பு நாலாம் வகுப்பு. அதிலும் மூன்றாம் வகுப்பை இரண்டு வருஷம் படித்தேன், அவ்வளவு ஆழமாக. பிறகு ரங்கூன் லத்தா பேட்டையில் அடுத்தவன் கடைப் பைப்பைத் தோளில் சுமந்து, பைப்பு மாட்டப் பழகி, இன்றைக்கு அதே தெருவில் என் பேரில் கடை போட்டிருக்கிறேன். சுவரில் காதை வைத்தால் எங்கே ஒழுகுகிறது என்று சொல்லிவிடுவேன். இப்பேர்ப்பட்ட நான் ஒரு தீபாவளி விடியலில், சம்பந்தி வீட்டுக் குளியலறையில், தலை நிறைய எண்ணெயும் சீயக்காயுமாக நின்று பல்லைக் கடித்துக்கொண்டு பொய் சொன்னேன்.

என் மகன் குமாருக்குக் கலோவில் பெண் எடுத்தோம். கலோ மலையூர். ரங்கூனில் நாம் ஸ்வெட்டர் போடுவது ஆசைக்கு; அங்கே போடாவிட்டால் உதடு நீலமாகிவிடும். சம்பந்தி கணக்கு வாத்தியாராக இருந்து ரிட்டயர் ஆனவர். வாத்தியாரைப் பர்மியர்கள் 'சயா' என்பார்கள். ஊரோடு சேர்ந்து நாங்களும் அவரைச் சயா என்றுதான் கூப்பிடுவோம். பெண் பார்க்கப் போன அன்று, "சம்பந்தி எதுவரைக்கும் படிச்சிருக்கீங்க?" என்று மெதுவாகத்தான் கேட்டார்.

"எல்லாம் அனுபவம்தாங்க" என்றேன்.

"நல்லது" என்றார்.

அந்த 'நல்லது' எனக்குள் முள் மாதிரி நின்றுவிட்டது. இந்த மனுஷருக்கு ஒரு நாள் நான் யாரென்று காட்ட வேண்டும்.

தலை தீபாவளி வந்தது. பெண் வீட்டில் எண்ணெய்க் குளியல், எங்களையும் அழைத்திருந்தார்கள். சயாவுக்கு இளைப்பு உண்டு. பச்சைத்தண்ணீர் உடம்பில் படவே கூடாது என்று டாக்டர் உத்தரவு. அதற்காக அவர்கள் வீட்டுப் பின்கட்டில் ஒரு செம்பு அண்டா, அடியில் விறகு அடுப்பு. கல்யாணம் வரைக்கும் தினமும் புகையை ஊதிக் கண் சிவந்தது என் மருமகள் சாந்தி; இப்போது சம்பந்தியம்மா. நான் கடை முழுக்க ஹீட்டர் வைத்திருக்க, என் சம்பந்தி வீட்டில் விறகா? டேங்க் இல்லாத, குழாயைத் திறந்ததும் ஓடுகிற தண்ணீரையே சுடவைக்கும் மெஷின் ஒன்றை எடுத்தேன்.

கூட வந்த காகிதத்தைக் குமார் படித்தான். "அப்பா, குளிர் ஊருக்கு இதைவிடப் பெரிய சைஸ்னு போட்டிருக்கு."

"காகிதம் எழுதுறவன் என்னைக்குடா பைப்பு மாட்டினான்?"

ரங்கூன் தின்கன்ஜூன் பேட்டையில் இருக்கும் எங்கள் வீட்டிலேயே மாட்டிச் சோதித்தேன். தண்ணீரில் கை வைக்க முடியவில்லை. "பாத்தியா?" என்றேன். (சோதித்தது பட்டப்பகல் ஒரு மணிக்கு. மொட்டை மாடித் தொட்டியில் தண்ணீர் காலையிலிருந்து வெயில் காய்ந்துகொண்டிருந்தது. அது எனக்கு அப்போது உறைக்கவில்லை.)

தீபாவளிக்கு இரண்டு வாரம் முன்பே, அம்மா வீட்டுக்குக் கிளம்பிய சாந்தியோடு மெஷினையும் மாட்டுகிற ஆளையும் கலோவுக்கு அனுப்பிவிட்டுச் சயாவுக்குப் போன் போட்டேன். "அந்த அண்டாவைப் பழைய பாத்திரக்காரனுக்குப் போட்டுடுங்க சயா."

"ஆகட்டும் சம்பந்தி" என்றார்.

தீபாவளி அன்று முறைப்படி புதுமாப்பிள்ளைதான் முதலில் குளிக்க வேண்டும். நான் விடவில்லை. "மெஷின் நான் குடுத்தது, திறப்பு விழாவும் என்னுதுதான்." சம்பந்தியம்மா ஏதோ சொல்ல வாயெடுத்தார்கள். அதற்குள் உள்ளே போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டேன். மூலையில் மூடி போட்ட வாளி ஒன்று இருந்தது. அழுக்குத்துணி ஊறுகிறது போல என்று நினைத்து, மாற்றுக் கைலியையும் துண்டையும் அதன் மூடிமேல் வைத்தேன். சீயக்காயைத் தலையில் அப்பிக்கொண்டு குழாயைத் திறந்தேன்.

மெஷினில் சிவப்பு விளக்கு எரிந்தது. எரிந்தது அது ஒன்றுதான். மலைச் சுனையிலிருந்து நேரே என் உச்சந்தலைக்குக் கிளை வாய்க்கால் வெட்டிவிட்ட மாதிரி இருந்தது. சூடு பத்தவில்லை என்று குழாயை இன்னும் திறந்தேன். (வேகமாக ஓடுகிற தண்ணீரில் சூடு ஏறாது என்று கடையில் எத்தனை பேருக்குப் பாடம் எடுத்திருப்பேன்.) இன்னும் குளிர்ந்தது.

வெளியே சயாவின் குரல். "சம்பந்தி, தண்ணி சூடா இருக்கா?"

"கொ... கொதிக்குது சயா."

"குரல் நடுங்குதே?"

"சூடு தாங்கலை."

"பச்சைத்தண்ணி கலந்துக்கிறதுதானே?"

"அதைத்தான் கலந்துக்கிட்டிருக்கேன்."

ஒருவழியாகச் சீயக்காயை வழித்துவிட்டுத் துண்டை எடுத்தேன். துண்டு கதகதவென்று இருந்தது. அந்த நிலையிலும் எனக்குப் பெருமை வந்தது பாருங்கள். துண்டுக்கே சூடு ஏற்றியிருக்கிறதே, நல்ல மெஷின்தான், கொஞ்சம் தாமதமாகச் சூடாகிறது போல என்று நினைத்தேன்.

கதவைத் திறந்தால் எதிரே சயா. தலையில் எண்ணெய் வழிய, தோளில் துண்டோடு நிற்கிறார். "அப்ப அடுத்தது நான் போயிடறேன். கொதிக்கிற தண்ணின்னா நெஞ்சுக்கு இதமா இருக்கும்."

அந்த நெஞ்சில் இந்தத் தண்ணீர் விழுந்தால் தீபாவளி அன்று ஆஸ்பத்திரிதான். சொன்னாலோ என் மானம் போகும். சம்சாரம், மகன், மருமகள், சம்பந்தியம்மா எல்லாரும் கூடத்தில் நிற்கிறார்கள். அவர் ஒரு காலைக் குளியலறைக்குள் வைத்துவிட்டார்.

அவர் கையைப் பிடித்து இழுத்தேன். "போகாதீங்க சயா. தண்ணி ஐஸ். நான் சொன்னது பொய்."

சயா என் ஈரத் தலையைப் பார்த்தார். பிறகு மூலையைப் பார்த்தார். "அப்ப அந்த வாளியில இருந்த வெந்நீர் என்னாச்சு? அதைத்தான் கொதிக்குதுன்னீங்கன்னு நினைச்சு, மிச்சத்துல குளிக்க வந்தேன்."

"எந்த வாளி?"

சாந்தி போய் மூடியைத் தூக்கினாள். ஆவி குப்பென்று மேலே வந்தது.

"மாமா, மெஷினை மாட்டின அன்னைக்கே பாத்துட்டோம்" என்றாள். "ரங்கூன்ல தண்ணி பாதி சூட்டோடதான் மெஷினுக்குள்ளயே போகுது. இங்க ஐஸாப் போகுது. ரெண்டுக்கும் அது ஒரே அளவு சூடுதானே குடுக்கும்? நீங்க ஆசையா அனுப்பினது, எப்படிச் சொல்றதுன்னு ஆனாதே."

'ஆனாதே' என்றால், அடுத்தவர் மனசு சங்கடப்படுமே என்று வாயைக் கட்டிக்கொள்வது. பர்மாவில் பிறந்த யாருக்கும் இது ரத்தத்திலேயே உண்டு. (எனக்கு மட்டும் எப்படியோ விட்டுப்போய்விட்டது.) நான் மெஷினை நம்பிப் போனாலும் கஷ்டப்படக் கூடாதென்றுதான் சத்தமில்லாமல் வாளியை வைத்திருக்கிறார்கள்.

"அப்ப அண்டா?" என்றேன். பின்கட்டைக் காட்டினாள். தார்ப்பாய் மறைப்புக்குப் பின்னால் செம்பு அண்டா தளதளவென்று கொதித்துக்கொண்டிருந்தது. என் வாழ்நாளில் விறகுப் புகையைப் பார்த்து அவ்வளவு நிம்மதி அடைந்ததில்லை. சயா ஆசைதீரக் குளித்தார். ஒரு தும்மல்கூட இல்லை. இரண்டு அண்டாத் தண்ணீரில் எல்லாரும் குளித்து, நானும் இன்னொரு தடவை குளித்தேன். அதற்குப் பிறகு பலகாரம் இறங்கிய வேகத்தைச் சொன்னால் கண்பட்டுவிடும்.

ஊருக்குத் திரும்பியதும் குமாரைக் காகிதத்தை இரண்டு தடவை படிக்கச் சொல்லிப் பெரிய சைஸ் அனுப்பினேன். அது நன்றாகவே வேலை செய்கிறது. அண்டாவையும் அவர்கள் விடவில்லை. இன்றைக்கும் நான் வீட்டில் எதையாவது அளந்துவிட்டால், துண்டுக் கதையை என் வாயாலேயே கேட்ட என் சம்சாரம் தலையைத் தூக்காமலே, "துண்டு சூடா இருக்கா?" என்று கேட்பாள்.

கலோவிலிருந்து கிளம்பிய அன்று எங்களைப் பஸ் ஏற்றிவிட வந்த சயா ஜன்னலோரம் வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். "சம்பந்தி, பரீட்சையில தப்பா எழுதிட்டீங்க. ஆனா பேப்பரைக் குடுக்கிறதுக்கு முன்னால அடிச்சுட்டுச் சரியா எழுதிட்டீங்க. பாஸ் போட்டாச்சு."

அதனால் இப்போது யாராவது என்ன படித்திருக்கிறீர்கள் என்று கேட்டால் நான் அனுபவம், கினுபவம் என்று இழுப்பதில்லை. அஞ்சாம் வகுப்பு என்று சொல்லிவிடுகிறேன்.